ஸ்ட்ரெஸ் டெஸ்ட்: நடையா, மருந்தா, ஸ்கேனா?

மாடிப்படி ஏறினால் நெஞ்சை இறுக்கிப் பிடிக்கிறது. நின்றால் சில நிமிடத்தில் விட்டுவிடுகிறது. படுக்க வைத்து எடுத்த ஈ.சி.ஜி.யில் ஒன்றும் தெரியவில்லை. இந்தக் கட்டத்தில்தான் மருத்துவர் “ஒரு ஸ்ட்ரெஸ் டெஸ்ட் பார்த்துவிடலாம்” என்கிறார். அந்த ஒரு பெயருக்குள் நாலைந்து பரிசோதனைகள் அடங்கியிருக்கின்றன. ஒன்றில் வேர்த்து விறுவிறுக்க நடக்க வேண்டும். ஒன்றில் ஊசி போட்டுக்கொண்டு படுத்திருந்தால் போதும். ஒன்று ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். இன்னொன்று அரை நாளைத் தின்றுவிடும்.

பெரிய மெஷின் என்றால் பெரிய உண்மை என்று நம்புகிறவர்கள் நிறையப் பேர். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நடக்க முடிந்தவர் நடக்க வேண்டும். நடையோடு படமும் எடுக்க வேண்டுமா என்பது அதற்கு அடுத்த கேள்வி. இதற்கு விதிவிலக்கானவர்களும் உண்டு. அந்த இடம் வரும்போது பார்ப்போம்.

இந்தப் பேச்சே பொருந்தாதவர்கள் சிலர் இருக்கிறார்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே வலி வருகிறது, அல்லது சில நாட்களாக வலி அடிக்கடியும் கடுமையாகவும் வருகிறது என்றால் ஸ்ட்ரெஸ் டெஸ்டுக்கு முன்பதிவு செய்துகொண்டு காத்திருக்கக் கூடாது. நேரே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். அந்த நிலையில் இதயத்துக்கு வேலை கொடுப்பதே ஆபத்து.

எதற்காக இதயத்தை ஓட்டிப் பார்க்க வேண்டும்?

வீட்டில் ஒரே ஒரு குழாயைத் திறந்தால் தண்ணீர் நன்றாகத்தான் வரும். எல்லாக் குழாயையும் ஒரே நேரத்தில் திறந்தால்தான் எங்கே அடைப்பு என்று தெரியும். இதயமும் அப்படித்தான். இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோனரி குழாய் ஒன்று 70 சதவீதம் சுருங்கியிருந்தாலும், ஓய்வில் இருக்கும்போது தசைக்குத் தேவையான ரத்தத்தை அது கொடுத்துவிடும். கடுமையாக உழைக்கும்போது இதயத் தசைக்கு மூன்று நான்கு மடங்கு ரத்தம் தேவைப்படும். அப்போதுதான் குறை வெளியே வரும்.

அது வெளியே வருவதற்கு ஒரு வரிசை இருக்கிறது. முதலில் ஒரு பகுதிக்கு மட்டும் ரத்தம் குறைகிறது. அடுத்து அந்தப் பகுதித் தசை சரியாகச் சுருங்காமல் மந்தமாகிறது. அதன் பிறகே ஈ.சி.ஜி. கோடு மாறுகிறது. நெஞ்சு வலி பெரும்பாலும் கடைசியில்தான் வரும், வராமலும் போகலாம். எந்தப் பரிசோதனை எதைப் பிடிக்கும் என்பது இந்த வரிசையிலேயே இருக்கிறது. ரத்த ஓட்டத்தைப் படமெடுக்கும் நியூக்ளியர் ஸ்கேன் முதல் படியைப் பார்க்கிறது, ஒலி அலையால் இதயத்தைப் படமெடுக்கும் எக்கோ இரண்டாவதை, ஓடும் பட்டையில் நடக்கவைத்து ஈ.சி.ஜி. மட்டும் பார்க்கும் வெறும் டிரெட்மில் மூன்றாவதை. படம் எடுக்கும் பரிசோதனைகள் கூடுதல் பேரைக் கண்டுபிடிப்பதற்குக் காரணம் இதுதான்.

வெறும் டிரெட்மில்

உலகெங்கும் அதிகம் பயன்படுவது ராபர்ட் புரூஸ் என்ற அமெரிக்க இதய மருத்துவர் 1963-இல் வெளியிட்ட முறை. மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை வேகமும் ஏற்றமும் சேர்ந்து கூடும். முதல் மூன்று நிமிடம் மணிக்கு 2.7 கிலோமீட்டர், 10 சதவீத ஏற்றம். அடுத்தது 4 கிலோமீட்டர், 12 சதவீதம். மூன்றாவது 5.5 கிலோமீட்டர், 14 சதவீதம். நான்காவது 6.8 கிலோமீட்டர், 16 சதவீதம். முதல் கட்டத்தில் “இவ்வளவுதானா” என்று தோன்றும். மூன்றாவதில் பேச்சு நின்றுவிடும். நான்காவதில் நடப்பதா ஓடுவதா என்று காலுக்கே குழப்பம் வரும். பலர் அதற்குள் இறங்கிவிடுவார்கள். வயதானவர்களுக்கும் பலவீனமாக இருப்பவர்களுக்கும் ஏற்றமே இல்லாமல் ஆரம்பிக்கும் மாற்று முறை உண்டு. தேவைப்பட்டால் அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

மெஷினில் ஏறுவதற்கு முன் நடக்கும் வேலையை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. நெஞ்சில் ரோமம் இருந்தால் ஆங்காங்கே மழிப்பார்கள். பிறகு ஸ்பிரிட் நனைத்த பஞ்சாலும், உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பான ஒரு சிறு பட்டையாலும் தோலைத் தேய்ப்பார்கள். சற்று எரியும். மேல்தோலில் இருக்கும் எண்ணெய்ப் பிசுக்கும் இறந்த செல்களும் போனால்தான், வேர்வையில் நடக்கும்போதும் கோடு ஆடாமல் வரும். வழக்கமான ஈ.சி.ஜி.யில் கை கால்களில் மாட்டும் நான்கு இணைப்புகளும் இங்கே தோளுக்குக் கீழும் இடுப்புக்கு மேலுமாக உடம்பில் ஒட்டப்படும். மொத்தம் பத்து ஒட்டுகள், ஒரு கொத்து வயர், கையில் ரத்த அழுத்தப் பட்டை. ஒவ்வொரு கட்டத்திலும் அந்தப் பட்டை கையை இறுக்கும்.

கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொள்ளாதீர்கள். விரல் நுனியால் தொட்டுக்கொண்டு நடந்தால் போதும். உடம்பின் பாரத்தைக் கம்பியில் போட்டுவிட்டால் கால் செய்ய வேண்டிய வேலையைக் கை வாங்கிக்கொள்ளும். நேரம் கூடுதலாக ஓடியதுபோல் கணக்கில் ஏறும், இதயம் அந்த வேலையைச் செய்திருக்காது.

எவ்வளவு நேரம் நடக்க வேண்டும்? 220-இல் வயதைக் கழித்தால் வருவது உச்ச நாடித்துடிப்பின் தோராயமான கணக்கு. அதில் 85 சதவீதத்தையாவது தொட வேண்டும். வயது 50 என்றால் நிமிடத்துக்குச் சுமார் 145. அதைத் தொட்டதும் இறங்கிவிட வேண்டும் என்று நினைக்க வேண்டாம். முடிகிற வரை போனால்தான் முழுப் பலன். அதைத் தொடாமலே இறங்கிவிட்டால், எந்த மாற்றமும் தெரியாதபோது முடிவில் “தெளிவில்லை” என்று எழுதுவார்கள், போன காரியம் பாதியில் நிற்கும். அதற்காக வீம்புக்கு நடக்கவும் வேண்டாம். நெஞ்சு இறுக்கம், தலைசுற்றல், தாடையிலோ கையிலோ வலி, எது வந்தாலும் அப்போதே வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். எந்த நிமிடத்தில் வலி வந்தது என்பதும் முடிவின் ஒரு பகுதி.

நீங்கள் சொல்லாவிட்டாலும் அவர்களாகவே நிறுத்தும் சந்தர்ப்பங்கள் உண்டு. வேலை கூடும்போது ஏற வேண்டிய ரத்த அழுத்தம் இறங்கினால், துடிப்பு ஆபத்தான முறையில் தாறுமாறானால், சில வகைக் கோடு மாற்றங்கள் தெரிந்தால் உடனே நிறுத்திவிடுவார்கள். மாரடைப்பு போன்ற பெரிய விபரீதம் நடக்கும் வாய்ப்பு, வழிகாட்டி நூல்களில் சொல்வது போல, அதிகபட்சம் 2,500 பரிசோதனைகளுக்கு ஒன்று. அதற்கான மருந்துகளும், மின் அதிர்ச்சி கொடுத்துத் துடிப்பைச் சீராக்கும் டீஃபிப்ரிலேட்டரும் அதே அறையில்தான் இருக்கும்.

நடை நின்ற பிறகும் சில நிமிடம் கவனிப்பார்கள். “முடிந்துவிட்டதே, வயரைக் கழற்றுங்கள்” என்று அவசரப்படாதீர்கள். சிலருக்கு ஈ.சி.ஜி. மாற்றம் ஓய்வுக் கட்டத்தில்தான் தலைகாட்டும். நாடித்துடிப்பு எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்பதும் ஒரு தகவல்: முதல் நிமிடத்தில் 12-க்கு மேல் குறையவில்லை என்றால் அதைக் குறித்துக்கொள்வார்கள்.

பலவீனத்தையும் சொல்ல வேண்டும். பழைய ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த கணக்குப்படி, குறிப்பிடத்தக்க அடைப்பு உள்ள 100 பேரில் சுமார் 68 பேரைத்தான் இந்தப் பரிசோதனை பிடிக்கிறது. அடைப்பு இல்லாத 100 பேரில் 23 பேரைத் தவறாகச் சந்தேகிக்கிறது. பெண்களிடம் இந்தத் தவறான சந்தேகம் இன்னும் அதிகம். “பாசிட்டிவ்” என்ற ஒரு சொல்லைப் பார்த்துவிட்டு ராத்திரி தூங்காமல் கிடப்பதற்கு இது ஏற்ற பரிசோதனை இல்லை.

அப்படியிருந்தும் நான் ஏன் நடை நடை என்கிறேன்? ஒருவர் எவ்வளவு வேலையைத் தாங்குகிறார் என்பதைப் படுத்துக்கொண்டே எடுக்கும் எந்த ஸ்கேனும் சொல்லாது. இனி வரும் ஆண்டுகள் எப்படி இருக்கும் என்று கணிக்க அதைவிட வலுவான தகவல் குறைவு. டியூக் பல்கலைக்கழகத்தில் உருவான மதிப்பெண் முறை ஒன்று இருக்கிறது. நடந்த நிமிடத்திலிருந்து, ஈ.சி.ஜி. கோடு இறங்கிய மில்லிமீட்டரை ஐந்தால் பெருக்கிக் கழிக்க வேண்டும்; வலி வந்திருந்தால் நான்கு, வலியால் நிறுத்தியிருந்தால் எட்டு கழிக்க வேண்டும். 5-ம் அதற்கு மேலும் வந்தால் ஆபத்து குறைவு. கழித்தல் 11-ம் அதற்குக் கீழும் போனால் அதிகம். ஒன்பது நிமிடம், கோடு மாறவில்லை, வலி இல்லை என்றால் மதிப்பெண் 9. ஆறு நிமிடம், 2 மில்லிமீட்டர் இறக்கம், வலி வந்தும் தொடர்ந்து நடந்தார் என்றால் கழித்தல் 8, நடுத்தரம். வெளிநோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வில், குறைந்த ஆபத்துப் பிரிவில் இருந்தவர்களில் 99 சதவீதம் பேர் நான்கு ஆண்டு கழித்தும் உயிரோடு இருந்தார்கள். அதிக ஆபத்துப் பிரிவில் 79 சதவீதம். பேப்பரும் பேனாவும் போதுமான ஒரு கணக்கு இவ்வளவு சொல்கிறது.

ஆனால் ஓய்வில் எடுத்த ஈ.சி.ஜி.யே கோணலாக இருந்தால் இந்த வழி அடைபட்டுவிடும். இடது கிளை அடைப்பு (இது ரத்தக் குழாய் அடைப்பு இல்லை, இதயத்தின் இடது மின்பாதையில் வரும் தடை), பேஸ்மேக்கர் துடிப்பு, பிறவியிலேயே அமைந்த கூடுதல் மின்பாதை, டிகாக்சின் என்ற இதய மருந்து, ஏற்கெனவே ஒரு மில்லிமீட்டருக்கு மேல் இறங்கியிருக்கும் கோடு, இவற்றில் எது இருந்தாலும் புதிய மாற்றத்தைப் படிக்க முடியாது. அப்போது படம் கட்டாயம்.

நடையோடு எக்கோ

என்னைக் கேட்டால், நடக்க முடிந்து படமும் தேவைப்படுகிறவர் முதலில் யோசிக்க வேண்டியது இதைத்தான். கதிர்வீச்சு கிடையாது. தசையின் அசைவோடு வால்வுகளையும், இதயம் ரத்தத்தைத் தள்ளும் வலுவையும் பார்த்துவிடலாம். மூச்சு வாங்குவதற்குக் காரணம் அடைப்பா, வால்வா என்ற சந்தேகம் இருப்பவர்களுக்கு இது இரண்டு வேலையை ஒரே தடவையில் முடிக்கும். அடைப்பைப் பிடிக்கும் திறனும் 80 சதவீதத்தையொட்டி அல்லது அதற்கு மேல்.

ஓய்வில் ஒரு முறை எக்கோ எடுத்துவிட்டு, டிரெட்மில்லில் ஏற்றுவார்கள். கடினமான இடம் நடையின் முடிவு. மெஷின் நின்ற மறுகணம், மூச்சு இரைக்க இரைக்க, பக்கத்துக் கட்டிலில் பாய்ந்து இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வேண்டும். 60 முதல் 90 விநாடிக்குள் படங்கள் கிடைத்தாக வேண்டும். தாமதித்தால் மந்தமான தசை பழைய நிலைக்குத் திரும்பிவிடும், தடயம் அழிந்துவிடும். அந்த நேரம் பார்த்து “மூச்சை வெளியே விட்டு அப்படியே நிறுத்துங்கள்” என்பார் டெக்னீஷியன். நுரையீரல் காற்றுக்குக் கெஞ்சும். ஐந்து விநாடிதான், ஆனால் நீளமான ஐந்து விநாடி. கட்டில் எந்தப் பக்கம், எப்படித் திரும்புவது என்று ஏறுவதற்கு முன்பே ஒரு முறை ஒத்திகை பார்த்துக்கொள்ளுங்கள்.

குறை என்னவென்றால், எடுப்பவரின் கையையும் பார்ப்பவரின் கண்ணையும் பெரிதும் நம்பியிருக்கிறது. உடல் பருமனாக இருப்பவர்களுக்கும் நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கும் படம் மங்கலாக வரும். நல்ல எக்கோ நிபுணர் இல்லாத இடத்தில் இந்தப் பரிந்துரையை நான் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

மூட்டு வலி, பக்கவாதம், காலில் ரத்த ஓட்டக் குறைவு என்று நடக்க முடியாதவர்களுக்கு டோபுடமைன் என்ற மருந்தை நரம்பில் ஏற்றி எக்கோ பார்ப்பார்கள். மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை அளவைக் கூட்டுவார்கள். துடிப்பு போதுமான அளவு ஏறாவிட்டால் அட்ரோபின் சேர்ப்பார்கள். படுத்தபடியே ஓடுவது போன்ற விசித்திர உணர்வு: நெஞ்சு படபடக்கும், உடம்பு லேசாக நடுங்கும், தலைக்குள் துடிப்பு கேட்கும். மருந்தை நிறுத்தினால் சில நிமிடங்களில் அடங்கும்.

நியூக்ளியர் ஸ்கேன்

ரத்தம் எங்கெங்கே போய்ச் சேர்கிறது என்பதையே படமாகக் காட்டுவது இது. டெக்னீஷியம் என்ற கதிரியக்கப் பொருள் கலந்த மருந்தை நரம்பில் செலுத்தி, கைகளைத் தலைக்கு மேல் தூக்கி வைத்துக் கேமராவின் கீழ் அசையாமல் படுக்க வைப்பார்கள். ஓய்வுப் படம் ஒன்று, வேலை கொடுத்த பிறகு ஒன்று. இடையில் காத்திருப்பு. மொத்தம் மூன்று நான்கு மணி நேரம் ஆகலாம். சில இடங்களில் இரண்டு நாளாகப் பிரிப்பார்கள். தோள் வலி உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

இதையும் நடையோடு செய்யலாம். நடக்க முடியாதவர்களுக்கு அடினோசின், ரெகாடெனோசன், டைபிரிடமோல் போன்ற, குழாய்களை விரிக்கும் மருந்து. அடினோசின் ஏறும்போது முகம் சூடாகும், மூச்சு முட்டுவது போலிருக்கும், நெஞ்சில் பாரம் ஏறும். பயந்துவிட வேண்டாம், ரத்தத்தில் அது பாதியாகக் குறையப் பத்து விநாடிகூட ஆகாது, சொட்டை நிறுத்தினால் ஓடிவிடும். ரெகாடெனோசன் ஒரே ஊசி, சில விநாடியில் போட்டு முடிப்பார்கள். பிறகு கொஞ்ச நேரம் தலைவலி இருக்கலாம். ஆஸ்துமா இருந்தால் இந்த வகை மருந்துகளே சிக்கல். அதைக் கேட்காமல் ஊசி எடுத்துவந்தால் நீங்களே சொல்லுங்கள்.

காபி விஷயத்தில் ஏமாற்றக் கூடாத பரிசோதனையும் இதுதான். இந்த மருந்துகள் உட்கார வேண்டிய இடத்தில் காஃபீன் போய் உட்கார்ந்துகொள்ளும். குழாய் விரியாது, படம் நன்றாக இருப்பதுபோல் தோன்றும், அடைப்பு தப்பித்துவிடும். காபி, டீ, கோலா, சாக்லேட், காஃபீன் நீக்கியது என்று விற்கும் காபி உட்பட, 12 முதல் 24 மணி நேரம் தள்ளி வைக்கச் சொல்வார்கள். மறந்து குடித்துவிட்டால் மறைக்காமல் சொல்லி, வேறு நாள் கேளுங்கள்.

கதிர்வீச்சு சுமார் 10 மில்லிசீவர்ட் வரை போகலாம். இயற்கையிலிருந்து ஓராண்டில் நமக்குக் கிடைப்பதைப்போல மூன்று நான்கு மடங்கு. முதலில் வேலைப் படத்தை எடுத்து, அது நன்றாக இருந்தால் ஓய்வுப் படத்தைத் தவிர்க்கும் வழக்கமும் உண்டு. அளவு பாதிக்கும் கீழே வந்துவிடும். இளம் வயதினர் இதைக் கேட்டுப் பார்க்கலாம். கர்ப்பம் என்ற சந்தேகம் இருந்தாலே சொல்லிவிட வேண்டும்.

நுட்பமான ஒரு குறை: ஒரு பகுதியை மற்றொன்றோடு ஒப்பிட்டுத்தான் இந்தப் படம் படிக்கப்படுகிறது. மூன்று குழாய்களிலும் ஒரே சீராக அடைப்பு இருந்தால் எல்லாப் பகுதியும் சமமாக மங்கி, படம் சாதாரணமாகத் தெரியலாம். மார்பகமும் உதரவிதானமும் நிழல் விழச்செய்து, இல்லாத குறையைக் காட்டுவதும் உண்டு.

முன்பு சொன்ன விதிவிலக்கு இங்கேதான் வருகிறது. ஈ.சி.ஜி.யில் இடது கிளை அடைப்பு இருப்பவர் நன்றாக நடக்கக்கூடியவராக இருந்தாலும், நியூக்ளியர் ஸ்கேன் என்று முடிவானால் மருந்து முறையே நல்லது. துடிப்பு வேகமாகும்போது இதயத்தின் நடுச்சுவரில் பொய்யான குறை தெரிவது அவர்களிடம் சகஜம்.

வேறு வகைக் கதிரியக்க மருந்தை வைத்து எடுக்கும் பெட் ஸ்கேன் இதைவிடத் தெளிவானது, பருமனானவர்களுக்கு ஏற்றது. எம்.ஆர்.ஐ.யில் கதிர்வீச்சே இல்லை, குறுகிய குகைக்குள் படுக்கும் மனம் வேண்டும். இரண்டும் எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை. கிடைத்தால் தயங்க வேண்டியதில்லை.

சி.டி. ஆஞ்சியோ: வேறு கேள்விக்குப் பதில்

நரம்பில் மருந்து ஏற்றி, சி.டி. ஸ்கேனில் இதயக் குழாய்களைப் படமெடுப்பது இது. ஸ்ட்ரெஸ் டெஸ்டே இல்லை. ஆனால் முடிவெடுக்கும் மேஜையில் இதற்கும் ஒரு நாற்காலி இருக்கிறது. மற்றவை “ரத்தம் போதுகிறதா” என்று கேட்கின்றன. இது “குழாய்ச் சுவரில் கொழுப்புப் படிவு இருக்கிறதா” என்று கேட்கிறது. மாரடைப்புகளில் கணிசமானவை, 50 சதவீதம்கூட அடைக்காத படிவு திடீரென வெடித்து ரத்தம் உறைவதால் வருகின்றன. அப்படிப்பட்ட படிவு எந்த ஸ்ட்ரெஸ் டெஸ்டிலும் தெரியாது. டிரெட்மில்லில் நன்றாக நடந்தவருக்கும் பிறகு மாரடைப்பு வந்தது என்று கேள்விப்படுகிறோமே, அதற்கு இதுவே விளக்கம்.

சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2016 முதல், புதிதாக நெஞ்சு வலியோடு வருபவர்களுக்கு முதல் பரிசோதனையாகச் சி.டி.யையே சொல்கிறது. ஸ்காட்லாந்தில் 4,146 பேரிடம் நடந்த ஸ்காட்-ஹார்ட் ஆய்வில், ஐந்து ஆண்டு முடிவில் இதய மரணமோ மாரடைப்போ சி.டி. எடுத்த குழுவில் 2.3 சதவீதம், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்ற குழுவில் 3.9 சதவீதம். சின்னப் படிவைக் கண்ணால் பார்த்தவர்கள் மருந்தைத் தொடங்கியது அதில் பெரிய பங்கு வகித்திருக்கும் என்று கருதப்படுகிறது. எதிர்ப்பக்கமும் உண்டு: வட அமெரிக்காவில் சுமார் 10,000 பேரை வைத்து 2015-இல் வந்த பிராமிஸ் ஆய்வில், சி.டி.யில் தொடங்கியவர்களுக்கும் ஸ்ட்ரெஸ் டெஸ்டில் தொடங்கியவர்களுக்கும் இரண்டு ஆண்டு கழித்துப் பெரிய வித்தியாசம் இல்லை.

சி.டி.க்கு நாடித்துடிப்பு 60-ஐயொட்டி இருக்க வேண்டும், அதற்கு மாத்திரை தருவார்கள். குழாயை விரிக்கும் நைட்ரேட் மருந்தை நாக்கடியில் தெளிப்பார்கள். அயோடின் மருந்து ஏறும்போது உடம்பெல்லாம் வெந்நீர் பரவுவது போலிருக்கும். சிறுநீரகக் கோளாறு, அயோடின் மருந்துக்குக் கடும் ஒவ்வாமை, துடிப்பு ஒழுங்கின்மை, சுண்ணாம்பு கெட்டியாகப் படிந்த குழாய்கள், குழாயை விரித்து வைக்கும் சிறிய ஸ்டென்ட் உள்ளவர்களுக்கு இது தோதுப்படாது. எனவே, இதுவரை இதய நோய் என்று கண்டுபிடிக்கப்படாத, வலி இதயத்தால்தானா என்று தெரியாத நடுத்தர வயதினருக்குச் சி.டி. நல்ல தொடக்கம். ஏற்கெனவே ஸ்டென்டோ பைபாஸோ செய்துகொண்டு, மறுபடியும் வலி என்று வருபவருக்குப் படத்தோடு கூடிய ஸ்ட்ரெஸ் டெஸ்ட்தான் சரி. அவருக்குப் படிவு இருப்பது தெரிந்த கதை.

ஒரு தொந்தரவும் இல்லாமல், “எதற்கும் ஒரு டிரெட்மில் பார்த்துவைப்போமே” என்று போவதை மட்டும் நான் ஆதரிக்க மாட்டேன். ஆபத்துக் காரணிகள் குறைவாக இருப்பவர்களுக்கு இப்படித் தேடல் பரிசோதனை செய்ய வேண்டாம் என்று அமெரிக்காவின் தடுப்பு மருத்துவப் பணிக்குழு 2018-இல் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது. நோய் இருக்க வாய்ப்பு குறைவான இடத்தில் பாசிட்டிவ் வந்தால், அது பொய்யாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அதைப் பொய் என்று நிரூபிக்க இன்னொரு ஸ்கேன், பிறகு ஆஞ்சியோகிராம்.

பாசிட்டிவ் வந்தால் ஸ்டென்ட் நிச்சயம் என்பதும் இல்லை. 5,179 பேர் பங்கேற்று 2020-இல் வெளியான இஸ்கீமியா ஆய்வில், மருந்தோடு தொடங்கியவர்களைவிட, உடனே ஆஞ்சியோவுக்குப் போனவர்களுக்கு மாரடைப்பு, மரணம் போன்றவை ஒட்டுமொத்தமாகக் குறைந்ததாகத் தெரியவில்லை. அடிக்கடி வலி இருந்தவர்களுக்கு வலி குறைந்தது உண்மை. இடது பிரதானக் குழாயில் அடைப்பு உள்ளவர்கள் இந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை. அவர்கள் கதை வேறு.

எதைத் தேர்ந்தெடுத்தாலும், முன்பதிவின்போதே கேட்க வேண்டியது மாத்திரைகளைப் பற்றி. நாடித்துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரையைச் சாப்பிட்டுவிட்டு டிரெட்மில் ஏறினால் துடிப்பு 85 சதவீதத்தைத் தொடாமலே போகலாம். நோய் இருக்கிறதா என்று கண்டுபிடிக்கும் பரிசோதனை என்றால் அதை ஓரிரு நாள் முன்பே நிறுத்தச் சொல்லக்கூடும். தெரிந்த நோய்க்கு மருந்து போதுகிறதா என்று பார்ப்பதென்றால் சாப்பிட்டுவிட்டே வரச் சொல்வார்கள். உங்கள் பரிசோதனை இதில் எந்த ரகம் என்பது எழுதித் தந்த மருத்துவருக்குத்தான் தெரியும். அவரிடம் கேட்காமல் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். திடீரென நிறுத்தினால் வலி கூடலாம். சில மணி நேரம் சாப்பிடாமல் வர வேண்டியிருப்பதால், சர்க்கரை நோயாளிகள் அன்றைய இன்சுலின் அளவையும் அதே பேச்சில் கேட்டுக்கொள்ளுங்கள்.